நூறு செய்தி ஐம்பதாகச் சுருங்கியது எப்படி?

கேள்வி: தோவாளையில் பூக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடைக்குப் பூக் கொண்டுவரும் விவசாயிகள் 64 பேருக்கு, நாள்தோறும் காலையில் சந்தை விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது 15 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம். அவர்களில் பெரும்பாலோரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. முன்பெல்லாம் மெசேஜ் பேக் போட்டால் எத்தனை செய்தி வேண்டுமானாலும் போகும். 2011-இல் திடீரென ஒரு நாளைக்கு நூறுதான் என்றார்கள். 64 பேருக்கு நூறு போதும் என்பதால் பொறுத்துக்கொண்டேன். கடந்த தை மாதம் புதுக் கைபேசி வாங்கினேன். அதில் தமிழில் தட்டச்சு செய்ய மகள் கற்றுக்கொடுத்தாள். அப்போதிருந்து 50 பேருக்குப் போனதுமே இன்றைய வரம்பு முடிந்தது என்று தகவல் வருகிறது. மீதி 14 பேருக்கு ஆளுக்கு 2 ரூபாய் வீதம் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நூறாக இருந்ததை யாருக்கும் சொல்லாமல் ஐம்பதாகக் குறைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ரீசார்ஜ் கடையில் தொங்கும் விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்றுதான் போட்டிருக்கிறது. இப்படி வரம்பு வைப்பது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருப்பதாக என் மருமகன் சொல்கிறார். நான் வழக்குப் போடலாமா?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பும் செய்தி ஒன்றை அப்படியே கடிதத்தில் எழுதிக் காட்டியது நல்லதாயிற்று. ஏனென்றால், உங்கள் கேள்வியில் பாதிக்கு அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. "வணக்கம். தோவாளை சந்தை இன்றைய விலை கிலோவுக்கு: மல்லி 600 பிச்சி 450 அரளி 120 செவ்வந்தி 90" என்பது அந்தச் செய்தி. நம் கண்ணுக்கு இது ஒரு செய்திதான். ஆனால் கைபேசி வலைப்பின்னலின் கணக்கில் இது இரண்டு செய்திகள். 50 பேருக்கு அனுப்பியதும் உங்கள் நூறும் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு செய்திக்கு ஒரு ரூபாய் வீதம், ஆளுக்கு 2 ரூபாய் பிடிக்கப்படுகிறது. நிறுவனம் உங்கள் வரம்பைக் குறைக்கவில்லை. தை மாதத்தில் மாறியது நீங்கள் எழுதும் எழுத்து.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில், தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஆனால் எந்த ரீசார்ஜ் கடையிலும் யாரும் சொல்வதில்லை. ஒரு குறுஞ்செய்திக்கு வலைப்பின்னல் ஒதுக்கியிருக்கும் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். (பிட் என்பது கணினித் தகவலை அளக்கும் மிகச் சிறிய அலகு.) ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அந்த இடத்தில் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழ் எழுத்துகள் அந்த 7 பிட் எழுத்து அட்டவணையில் இல்லை. அவற்றை, பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவைப்படுகிறது. ஆகவே, அதே இடத்தில் 70 குறிகள்தான் கொள்ளும். அதிலும், நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கைபேசி ஓர் எழுத்தாக எண்ணுவதில்லை. மெய்யெழுத்தின் புள்ளி தனிக்குறி. துணைக்கால், கொம்பு, சுழி ஆகியவையும் தனித்தனிக் குறிகள். 'மல்லி' நமக்கு மூன்று எழுத்து, கைபேசிக்கு ஐந்து. 'வணக்கம்' நமக்கு ஐந்து, கைபேசிக்கு ஏழு.

உங்கள் செய்தியை இந்த முறையில் எண்ணிப் பார்த்தேன். இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் சேர்த்து 88 குறிகள் வருகின்றன. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான தகவலுக்கும் இடம் வேண்டியிருப்பதால், அப்போது ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள்தான் செல்லும். உங்கள் 88 குறிகள் 67 என்றும் 21 என்றும் பிரிந்து போய், விவசாயியின் கைபேசியில் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்து தெரிகின்றன. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் ஒன்றாகத் தெரிவது, கட்டணம் கணக்கிடும் கணினிக்கு மட்டும் இரண்டு. முன்பு இதே செய்தியை ஆங்கில எழுத்துகளில் 'vanakkam, malli' என்று தட்டச்சு செய்து அனுப்பிவந்திருப்பீர்கள். அது நூறு எழுத்துக்குள் அடங்கி, 160-இன் எல்லைக்குள் ஒரே செய்தியாகப் போயிருக்கும். இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள்: முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதிய செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, ஒரு பூப்படமோ சேர்ந்தாலும், அந்தச் செய்தி முழுவதும் 70 குறிக் கணக்குக்கு இறங்கிவிடும்.

உங்களுக்கு இன்றே உதவக்கூடிய வழி மிக எளியது. முகவுரையை எடுத்துவிட்டு "மல்லி 600 பிச்சி 450 அரளி 120 செவ்வந்தி 90" என்று மட்டும் அனுப்பினால் 42 குறிகள்தான். இன்னும் 28 குறிகளுக்கு இடம் இருக்கிறது. கனகாம்பரத்தின் விலையையும் சேர்த்துக்கொள்ளலாம். 64 பேருக்கும் 64 செய்தி, நூற்றுக்குள் முடிந்துவிடும். நாளொன்றுக்கு 28 ரூபாய், மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேல் நீங்கள் கொடுத்துவருவது இத்துடன் நின்றுபோகும். பல கைபேசிகளில் செய்தி எழுதும் கட்டத்தின் ஓரத்தில் எத்தனை குறிகள் மீதி என்றும் எத்தனையாவது துண்டு என்றும் சிறிய எண்கள் தோன்றும். அனுப்பும் முன் அதைப் பார்க்கும்படி உங்கள் மகளிடமும் சொல்லிவையுங்கள்.

மீண்டும் ஆங்கில எழுத்துக்கே போய்விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பூ பறித்துவிட்டு வருகிற ஒருவர், தம் மொழியில், தம் எழுத்தில் விலையை வாசிக்க முடிவது பெரிய காரியம். இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகள் அனைத்தும் 22 இந்திய மொழிகளிலும் வந்த செய்தியை வாசிக்கக் காட்ட வேண்டும் என்று தரநிர்ணயம் வகுக்கப்பட்டிருப்பதால்தான், உங்கள் விவசாயிகளின் பட்டன் போனிலும் தமிழ் தெரிகிறது. ஆனால் வாசிக்க வழிசெய்த நாட்டில், அனுப்புவதற்கான கணக்கு இன்னும் தமிழுக்குப் பாதகமாகவே இருக்கிறது. உலகக் கைபேசித் தரநிலையில் தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் என 7 பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் தமிழ்ச் செய்தியின் கொள்ளளவு ஏறத்தாழ இருமடங்காகும். உங்கள் செய்தி இரண்டாக எண்ணப்படுவதே, உங்கள் கைபேசி அந்த வழியில் அனுப்பவில்லை என்பதற்குச் சான்று. ஒரு நாளைக்கு நூறு செய்தி என்று எண்ணிக்கையால் வரம்பு கட்டும்போது, அந்த நூறு, ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கும் தமிழில் எழுதுகிறவருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதை நிறுவனங்களும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் இனியாவது கணக்கில் எடுக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் மருமகன் சொன்ன தீர்ப்புக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்காது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த நூறு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

2011-க்கு முன் விளம்பர நிறுவனங்கள், சிம் அட்டைகளை மொத்தமாக வாங்கி, வரம்பற்ற மெசேஜ் பேக்குகளைப் போட்டு, வீட்டுமனை முதல் எடை குறைப்பு வரை விளம்பரங்களைக் கோடிக்கணக்கானோருக்கு அனுப்பிவந்தன. இதைக் கட்டுப்படுத்த டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் வகுத்த ஒழுங்குமுறை, 2011 செப்டம்பர் 27 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முன்பணம் செலுத்தும் (பிரீபெய்ட்) இணைப்புக்கு ஒரு நாளைக்கு 100 செய்தி, பின்பணம் செலுத்தும் (போஸ்ட்பெய்ட்) இணைப்புக்கு மாதத்துக்கு 3,000 செய்தி என்ற உச்சவரம்பு அப்போது வந்ததுதான். நீங்கள் குறிப்பிடும் அந்தத் திடீர் மாற்றம் நிறுவனங்களின் முடிவாக இல்லாமல் ஆணையத்தின் கட்டளையாக இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால், அதே ஆண்டு நவம்பரில் 100 என்பது 200 ஆக்கப்பட்டது. 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு பொதுநல வழக்கில், வணிக நோக்கமற்ற தனிப்பட்ட செய்திகளுக்கு இப்படி உச்சவரம்பு விதிப்பது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி, அந்த வரம்பை ரத்து செய்தது. உங்கள் மருமகன் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆணையம் வேறு வழியில் வந்தது. எத்தனை செய்தி வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் சலுகைக் கட்டணத்தில் நாளொன்றுக்கு 100 செய்தி வரைதான். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா வாங்கியாக வேண்டும் என்று கட்டண ஆணை பிறப்பித்தது. தடை போய், விலை வந்தது. இந்த 50 பைசா விதி ஏழரை ஆண்டுகள் நீடித்தது. வணிகச் செய்திகளைக் கட்டுப்படுத்த 2018-இல் புதிய ஒழுங்குமுறையும், அனுப்புகிறவர்களைப் பதிவுசெய்யும் தொழில்நுட்ப ஏற்பாடும் வந்த பிறகு அது தேவையற்றுப்போனதால், 2020 ஜூனில் ஆணையமே அதை நீக்கியது.

ஆக, ஒரு நாளைக்கு நூறு செய்திதான் தர வேண்டும் என்று இன்று எந்த விதியும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் கட்டிய வேலியைச் சட்டமே பிரித்துவிட்டது; நிறுவனங்கள் மட்டும் அந்த எல்லைக்கல்லை அதே இடத்தில் விட்டுவைத்திருக்கின்றன. குறுஞ்செய்திக்கான கட்டணத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பேச்சுரிமையை அடிப்படையாகக் கொண்ட அந்தத் தீர்ப்பு, அரசு அமைப்பு விதித்த கட்டுப்பாட்டுக்கு எதிரானது; தனியார் நிறுவனம் தன் திட்டத்தில் இத்தனை செய்தி தருகிறேன் என்று சொல்லி விற்பதை அது தடுக்கவில்லை. இந்தத் தீர்ப்பை முன்வைத்து நீங்கள் வழக்குப் போட்டால், முதல் விசாரணையிலேயே எதிர்த்தரப்பு இதைச் சொல்லும். அந்தச் செலவிலும் அலைச்சலிலும் உங்களைத் தள்ள எனக்கு மனம் இல்லை.

'முன்பெல்லாம் எத்தனை வேண்டுமானாலும் போகும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்திலும் தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் சலுகை செல்லாது என்று பல நிறுவனங்கள் முழுக் கட்டணம் பிடித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பூவுக்கு விலை ஏறுகிற நாள்களும் அவைதாமே! வாழ்த்து அனுப்பும் நாளில் மட்டும் வரம்பற்ற பேக் வேலை செய்யாமல் போனதைப் பற்றி அக்காலத்தில் எத்தனையோ பேர் முறையிட்டார்கள். 2012-இல்தான் ஆணையம் அத்தகைய நாள்களை ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

அப்படியானால் உங்களுக்கு உரிமையே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு அத்திட்டத்தின் கட்டணங்களை உயர்த்தக்கூடாது என்பது ஆணையத்தின் நெடுநாளைய விதி. நீங்கள் 84 நாளுக்கு ரீசார்ஜ் செய்யும்போது நாளொன்றுக்கு 100 செய்தி என்று சொல்லியிருந்தால், அந்த 84 நாள் முடியும்வரை 100 தந்தாக வேண்டும். உண்மையிலேயே இடையில் ஐம்பதாக்கியிருந்தால் அது தெளிவான மீறல். உங்கள் பக்கம் நானே நின்று வாதாடியிருப்பேன். அடுத்த ரீசார்ஜில் வேறு எண்ணிக்கை என்றால், அதை முன்கூட்டியே தெளிவாக அறிவித்திருக்க வேண்டும். எத்தனை செய்தி, வரம்பைத் தாண்டினால் என்ன கட்டணம் என்பவற்றை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று 2020 செப்டம்பரில் ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டளையிட்டிருக்கிறது.

கடையில் தொங்கும் விளம்பரத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். பெரும்பாலான விளம்பரங்களில் 'அன்லிமிடெட்' என்ற சொல் அழைப்புகளுக்கு மட்டும் சேர்க்கப்பட்டிருக்கும். செய்திக்கு நாளொன்றுக்கு 100 என்று பக்கத்திலேயே இருக்கும். அப்படி இருந்தால் புகாருக்கு வலு இல்லை. செய்திக்கும் சேர்த்து 'அன்லிமிடெட்' என்று பெரிதாகத் தமிழில் போட்டுவிட்டு, நூறு என்பதை மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் கதை வேறு. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பொறுப்புத்துறப்பு வாசகம், அதாவது நிபந்தனையைச் சொல்லும் சிறு குறிப்பு, விளம்பரத்தின் முக்கியக் கூற்றுக்கு முரணாக இருக்கக்கூடாது. கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் அதுவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விளம்பரமாக இருந்தால், தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தத் தட்டி அங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

என் எண்ணிக்கையை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். நிறுவனத்தின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். முன்பணம் செலுத்தும் வாடிக்கையாளரும் தம் பயன்பாட்டு விவரப் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது, 30 நாளுக்குள் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய விவரங்களைத் தர அவர்களுக்குக் கடமை இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பட்டியலில் ஒரே எண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு செய்தி பதிவாகியிருந்தால் நான் சொன்ன காரணம் உறுதியாகிவிடும். ஒரே செய்தியாகப் பதிவாகி, 50-லேயே வரம்பு முடிந்ததாகக் காட்டினால் தவறு நிறுவனத்துடையது. அப்போது 198 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். புகாருக்கு ஒரு பதிவெண் தருவார்கள்; அதைக் குறித்துவைக்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். புகார் அலுவலரின் பதில் நிறைவளிக்கவில்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பது அதன் அதிகாரத்தில் இல்லை.

அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கைபேசிச் சேவைக் குறைகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாமா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. வரலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனத்தையே மாற்றிக்கொள்ள நினைத்தால், அதற்கான செய்தியை 1900 என்ற எண்ணுக்கு அனுப்பலாம். செய்தி வசதி இல்லாத மலிவுத் திட்டத்தில் இருப்பவர்களும் இதை அனுப்ப முடிய வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே வரம்பு முடிந்த நாளிலும் அது போகும். ஆனால் எங்கே போனாலும் நாளொன்றுக்கு நூறு என்ற அதே எண்தான் உங்களை வரவேற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் காரணத்துக்காக மட்டும் மாற வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியது என் கடமை. நீங்கள் கமிஷன் கடைக்காரர். நீங்கள் அனுப்புவது உங்கள் தொழிலோடு தொடர்புடைய செய்தி. வணிகச் செய்திகளை அனுப்புகிறவர்கள் பதிவுசெய்துகொண்டு, தனித் தலைப்புப் பெயரில் (அனுப்புகிறவரின் எண்ணுக்குப் பதிலாகத் தெரியும் பெயர்), முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசக அமைப்பில்தான் அனுப்ப வேண்டும் என்பது 2018 ஒழுங்குமுறையின் ஏற்பாடு. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் வணிகச் செய்தியைப் பற்றிப் பெறுகிறவர் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2025-இல் விதி மேலும் இறுகியிருக்கிறது: பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே அந்த எண்ணின் மீது நடவடிக்கை எடுக்கலாம். உங்கள் விவசாயிகள் விலைக்காகக் காத்திருப்பவர்கள், புகார் செய்யமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். இருந்தாலும், எண் மாறி வேறு யாரிடமோ போயிருக்கலாம். கடைக்கு வருவதை நிறுத்திய ஒருவருக்கு எரிச்சல் இருக்கலாம். ஆகையால் 64 பேரிடமும் 'விலைச் செய்தி அனுப்பலாம்' என்று ஒரு நோட்டில் பெயர், எண், தேதியுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள். விலையைத் தவிர, எங்கள் கடைக்கே கொண்டுவாருங்கள் என்பது போன்ற அழைப்பு வாசகம் எதையும் சேர்க்காதீர்கள். வேண்டாம் என்பவரை அன்றே நீக்கிவிடுங்கள். நோட்டில் இருக்கும் கையெழுத்து சட்டப்படியான பதிவுக்கு ஈடாகாது. ஆனால் நாளை எண்ணைத் துண்டிப்போம் என்று நிறுவனம் சொன்னால், உங்கள் தரப்பை விளக்க அதுவாவது கையில் இருக்கும். எண்ணிக்கை நூற்றை நெருங்கும்போது, முறையாகப் பதிவுசெய்து மொத்தச் செய்தி அனுப்பும் சேவைக்கு மாறிவிடுவதே சரி. அங்கும் தமிழுக்கு 70 குறிக் கணக்குதான். எனவே இப்போது சுருக்கிய வாசகத்தையே அங்கும் வாசக அமைப்பாகப் பதிவுசெய்துகொள்ளலாம்.

நாளைக் காலை முகவுரை இல்லாத செய்தியை 64 பேருக்கும் அனுப்பிப் பாருங்கள். வணக்கம் சொல்லாமல் விலையை மட்டும் அனுப்ப உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதைக் கடையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம். 64-ஆவது செய்தி போனபிறகும் இருப்பிலிருந்து ஒரு ரூபாயாவது குறைந்தால், அன்றைய தேதியுடன் இருப்பு விவரத்தையும் பயன்பாட்டுப் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். புகார் மனுவை நான் எழுதித் தருகிறேன்.